பாதி அங்கி

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மார்லிஸ் பதினாறு சீஸ் டப்பாக்களின் மூடியில் வட்டமாக ஓட்டை வெட்டி முடித்திருந்தாள். வட்ட அட்டை டப்பாக்கள். ஏரிக்கரை ஊரான ஷெபாய்கனில் பிள்ளைகளைச் சனிக்கிழமை ஜெர்மன் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில் செப்டம்பரிலிருந்தே சீஸ் தின்று டப்பாவைச் சேர்ப்பார்கள். நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு, அவை லாந்தர் ஆகும்.

அவள் கணவன் ஆர்னோ வீட்டை விட்டுப் போய் அன்றோடு பதினோரு நாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்தான். துணிப்பை ஒன்றை எடுத்தான். "என்னால இங்க இருக்க முடியல, மார்லிஸ்" என்றான். ஏன் என்று கேட்டாள். தலையை ஆட்டினான், போய்விட்டான். துறைமுகத்தில் படகு பழுது பார்க்கும் நண்பனின் கொட்டகை மாடியில் தங்கியிருக்கிறான் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மகள் தில்டாவிடம், "அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட், ஃபேக்டரி பக்கத்துலயே தூங்கிடறார்" என்று சொல்லி வைத்தாள். ஆறு வயதுக் குழந்தை. சரி என்றது.

மார்லிஸ் இன்னும் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று முதல் வாரம் காத்திருந்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, இர்மாவிடம் சொல்லவில்லை. இர்மா ஆர்னோவின் அக்கா. இந்தப் பள்ளியை நடத்துகிறவளும் அவள்தான்.

ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீளமான அறை. கோட்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். மார்லிஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள்.

"இன்னிக்கு என்ன பண்ணப் போறோம்?"

"லாந்தர்," என்றது கூட்டம்.

"ஜெர்மன்ல சொல்லுங்க."

"லாட்டெர்னெ."

"டீச்சர், பசிக்குதுன்னு ஜெர்மன்ல எப்படிச் சொல்றது?" இது ஓட்டோ. மாமிசக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஏழு வயது.

"போன வாரம் சொல்லிக் குடுத்தேனே."

"மறந்துடுச்சு. பசியில மறந்துடுச்சு."

மார்லிஸ் சொல்லிக் கொடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பச் சொன்னார்கள். பத்தே முக்காலுக்குத்தான் சமையலறை என்று அவள் சொன்னதும், ஓட்டோ அதே வார்த்தையை இன்னும் மூன்று முறை சொன்னான்.

வண்ணத் தாளைக் கிழிக்க வேண்டும். வெட்டக் கூடாது, கிழிக்க வேண்டும், அப்போதுதான் ஓரம் பஞ்சு போல வரும், வெளிச்சம் நன்றாகக் கசியும். மஞ்சள் மீது சிவப்பு ஒட்டினால் என்ன ஆகும்? ஆரஞ்சு. நீலத்தின் மீது மஞ்சள்? பச்சை. மார்லிஸ் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டாள். பதினான்கு வருடமாகக் கேட்கும் கேள்விகள். அவை அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தன.

பசை காய்வதற்குள் கதை சொன்னாள். பனிக்காலம். குதிரையில் ஒரு படை வீரன் வருகிறான், பெயர் மார்ட்டின். ஊர் வாசலில் ஒரு பிச்சைக்காரன் குளிரில் நடுங்குகிறான். மார்ட்டின் தன் சிவப்பு அங்கியை வாளால் இரண்டாக வெட்டி, பாதியை அவனுக்குக் கொடுக்கிறான். மாலையில் தேவாலய வாசலில் இதைத்தான் நடித்துக் காட்டுவார்கள்.

"ஏன் முழுசாக் குடுக்கல?" என்று கேட்டாள் ஹேட்டி. முன்பற்கள் இரண்டும் விழுந்த பெண்.

"முழுசாக் குடுத்துட்டா மார்ட்டினுக்குக் குளிருமே."

ஹேட்டி யோசித்தாள். "இப்ப ரெண்டு பேருக்கும் பாதி குளிரும்."

"ஆமா," என்றாள் மார்லிஸ்.

"இந்த வருஷமும் தில்டாவோட அப்பாதான் மார்ட்டினா?" என்றான் ஓட்டோ.

மார்லிஸ் தில்டாவைப் பார்த்தாள். தில்டா பசை டப்பாவுக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர்தான்," என்றாள் மார்லிஸ்.

வருவானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'குதிரையோட நாலரைக்கு வருவேன்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

* * *

பத்தே முக்காலுக்குப் பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். அங்கே இர்மா மாவோடு காத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, நெடிய உருவம், சத்தம் போடாமலேயே முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தக்கூடிய குரல்.

மார்ட்டின் திருநாளுக்கு மாவில் மனிதன் செய்து சுடுவார்கள். இனிப்பு ரொட்டி மாவு. உருட்டி, நீட்டி, கத்தரியால் கை வெட்டி, கால் வெட்டி, திராட்சையில் கண் வைத்தால் மனிதன்.

"வீட்ல எத்தனை பேரோ அத்தனை உருண்டை எடுத்துக்கலாம்," என்றாள் இர்மா. "நாய்க்குக் கிடையாது, ஓட்டோ."

"போன வருஷம் குடுத்தீங்க."

"போன வருஷம் நீ ஏமாத்தினே. உங்க நாய் பேரு ஃப்ரெடின்னு சொன்னே. நான் தம்பின்னு நினைச்சேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மார்லிஸும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள்.

ஓட்டோ ஆறு எடுத்தான். ஹேட்டி நான்கு. தில்டா வந்தாள், இரண்டு எடுத்தாள், நகர்ந்தாள்.

"மூணு எடும்மா," என்றாள் இர்மா. "எண்ண மறந்துட்டியா?"

"இல்ல அத்தை. ரெண்டு போதும்."

"அப்பாவுக்கு?"

"அப்பா போட் கொட்டாய்லதான இருக்கார். அங்க அவரே ஏதாச்சும் சாப்பிட்டுக்குவார்."

தில்டா இதைச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் மனிதர்களுக்குக் கால் வெட்டப் போய்விட்டாள்.

படகுக் கொட்டகை என்று மார்லிஸ் அவளிடம் சொன்னதே இல்லை. ஃபேக்டரி என்றுதான் சொல்லியிருந்தாள்.

இர்மா ஈரத் துணியை எடுத்து மிச்ச மாவை மூடினாள். நிதானமாக, நான்கு மூலையையும் இழுத்து விட்டு மூடினாள். பிறகு மார்லிஸைப் பார்க்காமல், "லாந்தர் மாட்டற குச்சி எடுக்கணும், வா" என்றாள்.

குச்சிகள் இருந்த சின்ன அறையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"எத்தனை நாளா?"

"பதினோரு நாள்."

"என்ன சண்டை?"

"சண்டையே இல்ல, இர்மா. சண்டை போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

"வேற பொண்ணா?"

"தெரியல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க தம்பி. அவனே சொல்லுவான்னு நினைச்சேன்."

இர்மா குச்சிகளை எண்ணாமல் ஒரு கட்டை அள்ளிக்கொண்டாள். "இன்னிக்கு அவன் வர வேணாம். குதிரைக்கு வேற ஆளைப் பாக்கறேன். நீ ஊர் முன்னாடி நின்னு அவனைப் பாத்துக் கை தட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல."

"வரட்டும்," என்றாள் மார்லிஸ். "புள்ளைங்க எதிர்பாத்துக்கிட்டு இருக்கு."

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

மார்லிஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்ல. எனக்கு ஒண்ணும் தோணல."

இர்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் குச்சிகளோடு வெளியே போனாள்.

* * *

நான்கரைக்குச் சூரியன் போய்விட்டது. ஏரியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தேவாலயத்தின் பின்பக்க வண்டி நிறுத்தத்தில் ஆர்னோ குதிரையை ஏற்றி வந்த வண்டியின் பின்கதவை இறக்கினான். ஒரு பண்ணையிலிருந்து வருடா வருடம் இரவல் வாங்கும் வயதான பெண்குதிரை. பட்டாசு வெடித்தாலும் கண் சிமிட்டாது.

இர்மா சிவப்பு அங்கியைக் கையில் போட்டுக்கொண்டு அவனிடம் போனாள்.

"குடிக்கிறியா?"

"இல்ல."

"யாராவது இருக்காளா?"

"இல்ல இர்மா."

"அப்ப அவ என்ன பண்ணினா உன்னை?"

"அவ ஒண்ணும் பண்ணல." ஆர்னோ சேணத்தின் வாரைப் பார்த்தபடியே பேசினான். முகத்தில் சதை குறைந்திருந்தது. "விழா முடியட்டும். சொல்றேன்."

"உன் பொண்ணு இன்னிக்கு ரெண்டு பொம்மைக்குத்தான் மாவு எடுத்தா."

ஆர்னோ குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். அது அசையாமல் நின்றது.

அந்த நேரத்தில் இர்மாவின் போன் அடித்தது. சீபெல் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர்தான் ஒவ்வொரு வருடமும் பிச்சைக்காரனாக உட்காருகிறவர். அவர் மனைவி பேசினாள். மனுஷனுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாராம். பூட்டி வைத்திருக்கிறாளாம்.

இர்மா அங்கியை ஆர்னோவிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் மார்லிஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அங்கே ஐம்பது பேர் கூடியாகிவிட்டது. பிள்ளைகள் லாந்தர்களை ஏற்றி அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்திக்குத் தடை வந்ததிலிருந்து உள்ளே சின்ன பேட்டரி விளக்குதான்.

"யாராவது ஒரு அப்பாவைக் கேக்கறேன்," என்றாள் இர்மா. "நானே உட்காந்துடுவேன். என் முட்டிதான் மடங்காது."

"நான் உட்கார்றேன்," என்றாள் மார்லிஸ்.

"பைத்தியமா உனக்கு?"

"யாராவது உட்காரணும். மணி ஆகுது."

அவளுக்கு அது எந்த வித்தியாசமும் இல்லாத விஷயமாகத்தான் பட்டது. கோட் மாட்டுவது, பசை துடைப்பது, தரையில் உட்காருவது. தலையில் ஒரு பழைய போர்வையைப் போட்டுக்கொண்டு தேவாலயப் படிக்குக் கீழே, காய்ந்த புல்லில் உட்கார்ந்தாள். தரை இறுகியிருந்தது. குளிர் ஏறியது. அது தெரிந்தது, ஆனால் தூரத்தில் தெரிந்தது.

பிள்ளைகள் அரைவட்டமாக நின்றார்கள். "அது டீச்சர்டா," என்றான் ஓட்டோ. "உஷ், அது பிச்சைக்காரர்," என்றாள் ஹேட்டி. தில்டா தன் லாந்தரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குளம்புச் சத்தம் கேட்டது. தகரத் தொப்பி, சிவப்பு அங்கி, மரவாள். ஆர்னோ மெதுவாக வந்தான். கீழே உட்கார்ந்திருப்பது யார் என்று பத்தடி தூரத்தில்தான் பார்த்தான். கடிவாளத்தை இழுத்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினோரு நாளில் முதல் முறை.

"ஐயா, குளிருது," என்றாள் மார்லிஸ். அது பிச்சைக்காரனின் வசனம். ஜெர்மனில் சொன்னாள். அவளே எழுதிக் கொடுத்த வசனம்தான்.

ஆர்னோ வாளை உருவினான். உருவியதும் அது கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மார்லிஸ் எழுந்து, எடுத்து, அவனிடம் நீட்டினாள். பிச்சைக்காரனே வாளை எடுத்துக் கொடுத்ததில் பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள்.

அங்கி நடுவில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் ஒட்டியிருக்கும். வாளால் கீறுகிற மாதிரிக் காட்டி, இன்னொரு கையால் பிரித்தால் போதும். போன வருடம் ஒரே இழுப்பில் பிரித்தான். இன்று அவன் வலது கை அந்த ஓரத்தைத் தேடிப் போனது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது. விரல்கள் தாமாக வேறெங்கோ துள்ளின. மறுபடி முயன்றான். மறுபடி துள்ளின.

அது குளிரில் வரும் நடுக்கம் இல்லை. அந்தத் துள்ளலை மார்லிஸுக்குத் தெரியும்.

அவள் மாமனார் ரைன்ஹோல்டின் கை அது. சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தேடிப் போய், தாண்டிப் போய், திரும்பி வரும் கை. பதிமூன்று வருடம் அந்த வீட்டில் எல்லோரும் பார்த்தும் பார்க்காதது போல இருந்த கை. நரம்பு நோய். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அக்காவும் தம்பியும் பரிசோதனைக்குப் போக மாட்டோம் என்று முடிவு செய்தார்கள். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மார்லிஸ் கையை உயர்த்தினாள். பார்ப்பவர்களுக்குப் பிச்சைக்காரன் கெஞ்சுவது போலத்தான் இருந்திருக்கும். அங்கியின் ஓரத்தைப் பிடித்து அவளே பிரித்தாள். பாதி அவள் தோளில் விழுந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். பாட்டு தொடங்கியது.

* * *

ஊர்வலம் எட்டாவது தெரு வழியாகப் போய்ப் பூங்காவைச் சுற்றி வந்தது. மார்லிஸ் பிள்ளைகளோடு நடந்தாள். விழுந்த குச்சிகளை எடுத்துக் கொடுத்தாள். ஹேட்டியின் விளக்கு அணைந்தபோது பேட்டரியைத் தட்டி எரிய வைத்தாள். பாட்டின் எல்லா அடிகளையும் பாடினாள். சிவப்புத் துணி தோளிலேயே கிடந்தது.

திரும்பி வந்ததும் பிள்ளைகள் ரொட்டிக்காக உள்ளே ஓடினார்கள். தில்டாவை ஹேட்டியின் அம்மாவிடம் விட்டுவிட்டு, மார்லிஸ் பின்பக்கம் போனாள். ஆர்னோ குதிரையை வண்டியில் ஏற்றிவிட்டுத் தாழ்ப்பாளோடு போராடிக்கொண்டிருந்தான். அவள் அதைப் போட்டாள்.

"எப்பத் தெரியும்?"

அவன் மறைக்கப் பார்க்கவில்லை. "கோடையிலேயே சந்தேகம். வேலையில ஸ்க்ரூ நிக்க மாட்டேங்குது. யாருக்கும் சொல்லாம மில்வாக்கி ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன். நான் கிளம்பறதுக்கு முந்தின நாள் பதில் வந்துச்சு."

"இருக்கா?"

"இருக்கு."

உள்ளேயிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது.

"அதுக்கு ஏன் வீட்டை விட்டுப் போன?"

"அம்மா பதிமூணு வருஷம் அப்பா பக்கத்துல உட்காந்திருந்தாங்க. கடைசியில அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீ பாத்தே. நீ அப்படி உட்கார வேணாம்னு நினைச்சேன். இப்பவே போயிட்டா நீ கோவப்படுவே, என்னை வெறுத்துடுவே, அது உனக்கு ஈசியா இருக்கும்னு."

"அதை நீயே முடிவு பண்ணிட்டே."

"ஆமா."

"எனக்குக் கோவம்கூட வரல, ஆர்னோ. பதினோரு நாளா நான் கட்டை மாதிரி இருக்கேன். அதுதான் நீ எனக்குப் பண்ணின ஈசி."

அவன் தலை குனிந்துகொண்டான். அடுத்த கேள்வியை அவள் கேட்க விரும்பவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"தில்டாவுக்கு?"

"பதினெட்டு வயசுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ண மாட்டாங்களாம். அவளே கேட்டாத்தானாம்." தகரத் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னான். "அவ கொட்டாய்க்கு வந்திருக்கா, தெரியுமா? புதன்கிழமை ஸ்கூல் பஸ்லருந்து என் காரைப் பாத்துட்டுத் துறைமுகத்துலயே இறங்கிட்டா. அரைமணி உட்காந்திருந்தா. அம்மாகிட்டச் சொல்லாதேன்னு சொல்லிட்டுப் போனா. நான்தான் வீட்டு முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டேன்."

மார்லிஸ் வண்டியின் இரும்பில் சாய்ந்தாள். அது முதுகைக் கடித்தது. கால் விரல்களில் உணர்ச்சியே இல்லை என்பதும், எத்தனை நேரமாக இப்படி நிற்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பற்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

"வீட்டுக்கு வா," என்றாள். "வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்லல. பை அங்க இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வா. தில்டா கேட்பா, ரெண்டு பேருமா உட்காந்து என்ன சொல்றதுன்னு பாக்கலாம்."

ஆர்னோ, "இர்மாவுக்கு முதல்ல சொல்லணும்," என்றான். "எனக்கு இருக்குன்னு சொன்னா, அவளுக்கு இருக்கலாம்னு சொன்ன மாதிரி. பதினோரு நாளா அதுக்குத்தான் வாய் வரல. நீ பக்கத்துல இருப்பியா?"

அவள் பதில் சொல்வதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. இர்மா படியிறங்கி வந்தாள். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டிருந்தாள். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். அவர்களுக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றாள். தம்பியைப் பார்த்தாள், மார்லிஸைப் பார்த்தாள், மறுபடி தம்பியைப் பார்த்தாள்.

"வாள் விழுந்தப்பப் பாத்தேன்," என்றாள்.

மார்லிஸ் தோளில் கிடந்த சிவப்புத் துணியைச் சேர்த்துப் பிடித்தாள்.

"வலது கையில ஆரம்பிச்சுதா?"

"ஆமா," என்றான் ஆர்னோ.

"அப்பாவுக்கு இடது கை," என்றாள் இர்மா. குரல் எப்போதும் போலவே இருந்தது.

மார்லிஸ் அவளைத் தொடப் போனாள். கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள்.

இர்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கோட்டுப் பையின் துணி உள்ளிருந்து துள்ளியது; அவள் கையை வெளியே எடுக்கவில்லை.